பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போடுவதற்கு முன்னால்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பேரூராட்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. மகள் எட்டாம் வகுப்பு. ஜூனில் வந்த புதுத் தலைமையாசிரியர் காலை ஒன்பதே காலுக்குமேல் கேட்டைச் சாத்திவிடுகிறார், டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ரோட்டோரம் நிற்கிறார்கள். கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. சேர்க்கையின்போது ரசீது இல்லாமல் 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பையனை ஆசிரியர் ஒருவர் பிரம்பால் அடித்திருக்கிறார், கேட்கப்போன அம்மாவிடம் தலைமையாசிரியர் "பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், வருகிற திங்கட்கிழமை கேட்டுக்குப் பூட்டுப் போட்டு மறியல் செய்வது, அப்படியே கலெக்டரிடம் போய் அந்தத் தலைமையாசிரியரை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. இது சரியா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: "நான் கையெழுத்துப் போட்டால் என் பெண்ணைப் பழிவாங்குவார்களா?"

முதலில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியை, அதில் கடைசிப் பதினொரு வருஷம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றபிறகு பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய்வருகிறேன். அதனால் ஹெச்.எம். நாற்காலியின்மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய தப்புகளும் எனக்குத் தெரியும். அதில் ஒன்றை நானே செய்து, ஒரு நாள் காலையில் பெற்றோர் என் பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன நான்கு குறைகளும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் நான்கும் நான்கு இடத்தில் போய் முட்டுகிற விஷயங்கள். கேட் சாத்துவது முழுக்க முழுக்கத் தலைமையாசிரியர் கையில் இருப்பது, அவர் நினைத்தால் நாளைக்கே மாறும். கணக்கு ஆசிரியர் காலியிடம் அவர் கையில் இல்லவே இல்லை. பணியாளர் நிர்ணயம், கலந்தாய்வு எல்லாம் துறை செய்வது. அவர் செய்யக்கூடியது காலியிடத்தை மேலே தெரிவிப்பதும், தற்காலிக ஆசிரியர் கேட்பதும்தான். 500 ரூபாய் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. பிரம்படி இந்த மூன்றோடும் சேராது, அதற்குத் தனி வழி. நான்கையும் சேர்த்து "இந்த ஆள் சரியில்லை, மாற்றுங்கள்" என்று ஒரே வரியாக்கினால், நான்குக்கும் பதில் கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏன் என்றால் அந்த மனு எந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுப்பீர்கள், சீல் குத்தி எண் போட்டுத் தருவார்கள். அது முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகும். அங்கிருந்து இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அவர் ஒரு கவரிங் லெட்டர் வைத்து, "விளக்கம் அளிக்கவும்" என்று உங்கள் தலைமையாசிரியருக்கே அனுப்புவார். அதாவது அவரைப்பற்றி நீங்கள் எழுதிய மனு, அடியில் உள்ள அறுபது கையெழுத்தோடு, இரண்டு வாரத்தில் அவர் மேஜைக்கே வந்து சேரும். அவர் என்ன எழுதுவார்? "மனுதாரர்கள் கூறும் புகார் உண்மைக்குப் புறம்பானது. பள்ளி சிறப்பாக நடைபெற்று வருகிறது." மேலிடத்தில் இருப்பவர் நேரில் வந்து பார்க்க நினைக்காவிட்டால் கோப்பு அதோடு மூடப்படும். நானும் இப்படிப்பட்ட விளக்கங்கள் எழுதியிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. "ஹெச்.எம். பெற்றோரை மதிப்பதில்லை" என்று வந்த மனுவுக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் "இத்தனாம் தேதி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தீர்மானம் எண் மூன்றின்படி, கணக்குப் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் கேட்கப்பட்டது, அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன" என்று வந்தால் எழுதுகிறவனுக்கு வேர்க்கும். அதற்கு "உண்மைக்குப் புறம்பானது" என்று எழுத முடியாது. தீர்மான நோட்டில் அவர் கையெழுத்தே இருக்கும்.

அந்த நோட்டைப்பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் ஊர் ஊராகப் பெற்றோரைக் கூட்டி இந்தக் குழுக்களை மறுபடி அமைத்தார்கள், தலைவரும் ஒரு பெற்றோர்தான். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். தலைமையாசிரியர் அதில் கூட்டம் நடத்திக்கொடுக்கிறவர், தலைவர் இல்லை. பள்ளிக்கு வரும் மானியத்தை எதற்குச் செலவு செய்வது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் என்ன வருவது, இதெல்லாம் அந்தக் குழு பேச வேண்டியவை.

நடப்பது என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாசக்கடைசியில் ஒரு பையன் தீர்மான நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவான். "டீச்சர் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்பான். அடுப்படியில் கை கழுவிவிட்டு வந்து, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். சில சமயம் மேலே தீர்மானம் எழுதியிருக்கும், சில சமயம் பக்கம் காலியாகவே இருக்கும், கையெழுத்து வந்தபிறகு எழுதிக்கொள்வார்கள். உங்கள் பள்ளிக் குழுவின் தலைவி யார் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். சில ஊர்களில் அந்த அம்மாவுக்கே தெரியாது!

இப்போது என் கதை. பன்னிரண்டு பதிமூன்று வருஷம் இருக்கும். நான் அப்போது இருந்த பள்ளியில் போர் மோட்டார் காயில் எரிந்துபோனது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. நாற்றம் தாங்காமல் நானே அதைப் பூட்டச் சொல்லிவிட்டேன். ஊராட்சிக்கு எழுதியிருந்தேன், வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். எலெக்ட்ரீஷியன் கொடுத்த கொட்டேஷன் என் மேஜை டிராயரில் இருந்தது, ஐயாயிரத்துக்கும் கீழே. பள்ளிக் குழுவின் கணக்கில் அந்தப் பணமும் இருந்தது. எடுக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்தை நான் கூட்டவில்லை. தேர்வு, ஆய்வு, அது இது என்று பதினெட்டு நாள் ஓடிவிட்டது. யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்லவுமில்லை. ஊரில் என்ன பேச்சு என்றால், "ஹெச்.எம். பாத்ரூம்ல மட்டும் தண்ணி கொட்டுது." உண்மையில் என் அறையை ஒட்டி இருந்த கழிப்பறைக்கு ஆயா வெளியிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அதனால் அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் நாற்பது பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம், போலீஸ், லோக்கல் சேனல்காரர் ஒருவர். நான் விறைப்பாகத்தான் போனேன். "விதிப்படி எழுதியிருக்கேன், இதுக்கு மேல நான் என்ன செய்யறது" என்று பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில், வேலைக்குக் கிளம்பி வந்த கோலத்தில் தூக்குவாளியோடு நின்றிருந்த ஓர் அம்மா, சத்தம் போடாமல் கேட்டார்: "டீச்சர், எம்பொண்ணு காலையில எட்டு மணிக்குக் கிளம்புது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருது. தண்ணி குடிக்காதேன்னு சொல்லி அனுப்புறேன். நீங்க அப்படி இருப்பீங்களா?" எனக்கு வாய் வரவில்லை. அதுவரை கத்திய நாற்பது பேருக்கும் என்னிடம் பதில் இருந்தது, இந்த ஒன்றுக்கு இல்லை. மாலையே குழுவைக் கூட்டினேன், வந்தவர்கள் பாதி அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். தீர்மானம் போட்டு, பணம் எடுத்து, நாலாம் நாள் தண்ணீர் வந்தது.

இதை நான் சொல்வதற்குக் காரணம், மறியல் செய்தால்தான் வேலை நடக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதற்காக இல்லை. அப்படியும் படிக்கலாம், மறுக்க மாட்டேன். அந்த மோட்டார் விஷயத்தில் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஆறு பேர் குழு உறுப்பினர்கள். கூட்டம் கூட்டச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பதினெட்டு நாள் ஆகியிருக்காது. தங்களிடம் அந்த அதிகாரம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. இதுதான் நான் செய்த தப்பு.

சரி, உங்கள் நான்கு விஷயத்துக்கு வருகிறேன். கேட்டைப்பற்றி. ஒன்பதே காலுக்குச் சாத்துவதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கலாம். முன்பிருந்தவர் காலத்தில் பிள்ளைகள் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தார்களோ, வெளியாள் யாராவது உள்ளே நுழைந்தார்களோ, ஆய்வுக்கு வந்த அதிகாரி ஏதாவது சொன்னாரோ, உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிய வழியில்லை. நான் ஒருபக்கக் கதைதான் கேட்டிருக்கிறேன். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், பெண் பிள்ளைகளை மெயின் ரோட்டில் நிறுத்துவதற்கு அது ஈடாகாது. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைக்கு ரோட்டில் ஏதாவது ஆனால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும், இது அவருக்கும் தெரியும். ஆகவே அவரிடம் "நீங்கள் கொடுமைக்காரர்" என்று பேசாமல் இதைப் பேசுங்கள்: எந்த பஸ், எத்தனை மணிக்கு வருகிறது, அதில் வரும் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். அந்த பஸ் பிள்ளைகளை உள்ளே விட்டுத் தாமத நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம், பஸ் நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் மாற்றச் சொல்லி போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு ஒரு கடிதம் போடுங்கள். ஊர்க்காரர் கடிதத்தைவிடப் பள்ளியின் தீர்மானத்துக்கு அங்கே மரியாதை அதிகம், என் அனுபவத்தில் இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்தக் கடிதத்தில் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போடுவார். நீங்களும் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற முதல் தாள் அதுவாக இருக்கும், அதற்காகவே அதை முதலில் வையுங்கள் என்பேன்.

கணக்கு ஆசிரியர். நிரந்தர ஆசிரியர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியரைத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொள்ளும் முறை தமிழ்நாட்டில் 2022-இல் வந்தது. முதலில் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், பிறகு 15,000 ஆக்கினார்கள். உங்கள் பள்ளிக் காலியிடத்துக்கு இந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், துறை உத்தரவு வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் தீர்மானத்தில் "ஆசிரியரை நியமிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "காலியிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, எப்போது மேலே தெரிவிக்கப்பட்டது, தற்காலிக ஆசிரியருக்கு அனுமதி கேட்கப்பட்டதா" என்று கேட்டு எழுதுங்கள். ஒருவேளை அவர் மூன்று முறை எழுதியிருக்கலாம், உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தலைமையாசிரியர்களில் நிறையப் பேருக்கு இந்த வியாதி உண்டு, செய்ததைக்கூடச் சொல்ல மாட்டோம், சொன்னால் கெளரவக் குறைச்சல்.

500 ரூபாய். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படிப்பதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது, இதில் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பேரில் வாங்கியிருப்பார்கள். பி.டி.ஏ. வேறு, மேலாண்மைக் குழு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பி.டி.ஏ. வாங்கினால் எண் போட்ட ரசீது இருக்க வேண்டும், வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், பொதுக்குழுவில் வரவு செலவு வைக்க வேண்டும். "திருடிவிட்டார்" என்று ஆரம்பிக்காமல் "ரசீது கொடுங்கள்" என்று ஆரம்பியுங்கள். பல பள்ளிகளில் இந்தப் பணத்தில்தான் காவலாளிக்கும் துப்புரவு செய்கிற அம்மாவுக்கும் சம்பளம் போகிறது, அது தலைமையாசிரியருக்கே தர்மசங்கடமான சமாசாரம். அப்படியில்லாமல் கணக்கே காட்ட மறுத்தால், அப்போது எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதை முதல் வாரமே எடுக்காதீர்கள். ஆர்.டி.ஐ. மனு வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளியில் உங்களோடு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், எல்லாப் பதிலும் தாளில்தான் வரும்.

பிரம்படி. இதில் நான் சமாதானம் பேசச் சொல்ல மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது, செய்கிறவர்மேல் பணிவிதிப்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. இதற்குக் குழுத் தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பையனின் பெற்றோர் என்று நடந்தது, எந்த இடத்தில், யார் பார்த்தார்கள் என்று எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கொடுக்கலாம், கல்வித்துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம், காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு முக்கியம். "டி.சி. வாங்கிக்கொண்டு போ" என்ற பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவே சட்டத்தில் இடமில்லை. இதோடு இன்னொன்று, உங்கள் பள்ளியில் இல்லை என்றாலும் படிக்கிற மற்றவர்களுக்காக: பாலியல் சீண்டல் என்றால் பள்ளிக்குள் பேசுவது என்பதே கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது நேராகக் காவல் நிலையம். தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைத்தால் போக்சோ சட்டப்படி பள்ளிப் பொறுப்பாளருக்கே சிறைத்தண்டனை உண்டு. "விசாரிச்சுச் சொல்றோம்" என்று நாள் கடத்த யாருக்கும் உரிமையில்லை. குழந்தையின் பெயரை மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

இனி திங்கட்கிழமைப் பூட்டு. அரசு அலுவலரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வர வாய்ப்பிருக்கிறது. வழக்கு வந்தால் அறுபது பேர்மேலும் வராது, முன்னால் நின்ற நாலு பேர்மேல் வரும். சங்கத்துக்காரர்கள் தலைமையாசிரியருக்கு ஆதரவாக வருவார்கள், அதுவரை அவரோடு ஒத்துப்போகாத ஆசிரியர்கள்கூட அன்றைக்கு ஒன்றாகிவிடுவார்கள். இன்னொரு விஷயத்தையும் எழுதாமல் விட முடியவில்லை. நம் ஊர்களில் பள்ளிக்கூடச் சண்டை நாலு நாளில் சாதிச் சண்டையாகவோ கட்சிச் சண்டையாகவோ மாறிவிடும். தலைமையாசிரியர் என்ன சாதி, அடிபட்ட பையன் என்ன சாதி, குழு அட்மின் எந்தக் கட்சி என்று பேச்சு திரும்பிய பிறகு, கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதைப்பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் குழுவில் அந்தப் பேச்சு ஏற்கெனவே ஆரம்பித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆரம்பித்திருந்தால் அங்கே உங்கள் கையெழுத்து வேண்டாம்.

மாறுதல் கேட்பது பற்றி. கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன், நிர்வாக மாறுதல் நடப்பதுண்டு. ஆனால் ஒருவரை மாற்றினால் அடுத்தவர் உடனே வந்துவிடுவார் என்பது நிச்சயமில்லை. பொறுப்புத் தலைமையாசிரியரை வைத்தே ஒரு வருஷம் ஓடிய பள்ளிகளை எனக்குத் தெரியும். அங்கே பெற்றோர் கேட்டதற்கெல்லாம் "ரெகுலர் ஹெச்.எம். வரட்டும்" என்பதுதான் பதில்.

இப்போது உங்கள் பெண். பழிவாங்குவார்களா? நடக்காது என்று நான் சொன்னால் அது பொய். பெரிதாக எதுவும் செய்ய மாட்டார்கள், எட்டாம் வகுப்பில் செய்வதற்கும் அதிகம் இல்லை. ஆனால் "உங்கம்மாதான் பெரிய போராளியாச்சே" என்று வகுப்பில் ஒரு வார்த்தை, ஆண்டுவிழா நடனத்தில் பெயர் விட்டுப்போவது, இப்படிச் சின்னச் சின்னதாக நடக்கும், அதைப் புகாராக எழுதவும் முடியாது. பெரும்பாலும் தலைமையாசிரியர் செய்ய மாட்டார், அவரிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் வேறு யாராவது செய்வார்கள். இதற்கு முழுக் காப்பு எதுவும் என்னிடம் இல்லை. ஓரளவு காப்பது என்ன என்று மட்டும் தெரியும். குழுத் தீர்மானமாக வந்த கோரிக்கையில் எந்தப் பிள்ளையின் அம்மா என்பது பெரிதாகத் தெரியாது. தனி மனுவில் முதல் கையெழுத்து பளிச்சென்று தெரியும். பிள்ளைகளைப் போராட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், பதாகை பிடிக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். ராத்திரி சாப்பிடும்போது அந்தத் தலைமையாசிரியரை அவள் முன்னால் திட்டாதீர்கள், காலையில் அவர் முகத்தில் அவள் விழிக்க வேண்டும். வகுப்பில் ஏதாவது சொன்னால் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், நாலு தடவை ஆனபிறகு அந்த நோட்டு பேசும்.

வாட்ஸ்அப் குழுவைப்பற்றி ஒரு வரி: அதில் நீங்கள் போடும் எல்லாமே பத்து நிமிஷத்தில் ஸ்கிரீன்ஷாட்டாக ஹெச்.எம். போனுக்குப் போய்விடும். யாராவது ஒரு பெற்றோருக்கு அந்தப் பள்ளியில் ஒரு மச்சினியோ கொழுந்தனாரோ இருப்பார்கள். எனக்கு வந்துகொண்டிருந்தது, அதனால் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ கோபத்தில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான் மறுநாள் காலையில் அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் கேட்கப்போகிற பஸ் நேரம் காதில் ஏறாது.

தனியார் பள்ளிப் பெற்றோர் சிலரும் இதைப் படிக்கலாம். உங்கள் கதை வேறு. அங்கே பிரின்சிபாலும் சம்பளக்காரர்தான், அவரோடு மோதி என்ன பயன்? முடிவு தாளாளர் கையில். 21-ஆம் பிரிவின் மேலாண்மைக் குழு உதவி பெறாத தனியார் பள்ளிக்குப் பொருந்தாது, உதவி பெறும் பள்ளியில் அது ஆலோசனை சொல்லும் குழு மட்டும்தான். கட்டணச் சண்டைக்கு, 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது நிர்ணயித்த தொகை என்ன என்று பார்த்துவிட்டுப் பேசப் போங்கள். மற்றவற்றுக்கு மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகள் என்று தனியாகவே ஒருவர் உண்டு. இதில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு, பேரனின் பள்ளியில் பார்த்த அளவுக்குத்தான்.

இனி இந்த இரண்டு மூன்று நாளில் என்ன செய்யலாம். குழுத் தலைவி யார் என்று கண்டுபிடித்து அவர் வீட்டுக்குப் போங்கள், போனில் பேச வேண்டாம். அவரையும் சேர்த்து மூன்றே பேர் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிரேயர் நேரத்தில் போகாதீர்கள், மதியச் சாப்பாடு முடிந்தபிறகு போங்கள், அப்போதுதான் ஒரு ஹெச்.எம். கொஞ்சம் உட்காருவார். "உங்களுக்கு இதுல என்ன சிரமம் இருக்கு சார்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு சிறப்புக் கூட்டம் கேட்டு எழுதிய தாளைக் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அதே தாளை விரைவுத் தபாலில் அவருக்கும், நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால் கலெக்டரிடம் போங்கள், அப்போது உங்கள் மனுவில் தேதிகள் இருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் பெற்றோர் வாசலில் உட்காரத்தான் வேண்டியிருக்கும், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பூட்டு மட்டும் வேண்டாம்.

கூட்டம் நடந்தால் தீர்மானம் எழுதி முடித்து, ஒருவர் உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் விடாமல் ஒரு கோடு இழுத்து, அதற்கு அடியில் கையெழுத்து. பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கூட்டத்தை மூன்று மணிக்கு வைக்கலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நூறு நாள் வேலைக்கும் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள், அடிபட்ட பையனின் அம்மாவும் அவர்களில் ஒருவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.